பத்தியில் விடுபட்டது

விருதுநகர் வக்கீல் கற்பகவல்லி பட்டாசுக் கம்பெனிகளுக்காக வாதாடிப் பெயர் வாங்கியவர். உள்ளூர் வாரப் பத்திரிகையில் சட்டப் பத்தியும் எழுதி வந்தார். டீக்கடையில்கூட அதை வாசித்தார்கள். கம்பெனி உள்குத்தகைக்கு விட்ட ஷெட்டில் விபத்து நடந்தால், கம்பெனி மீது போடும் இழப்பீட்டு வழக்கு நிற்பது கடினம் என்று ஒரு வாரம் எழுதினார். தொழிலாளிக்குச் சாதகமான தீர்ப்புகளும் இருந்தன. பக்கத்தில் இடமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவற்றை விட்டுவிட்டார். அப்படியொரு விவகாரத்தில் பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதிக்குத் தானே வக்கீல் என்பதையும் சொல்லவில்லை.

அந்த வாரமே திருத்தங்கலிலிருந்து ஒரு பெண் அவர் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் அந்தப் பத்திரிகைப் பக்கத்தை மடித்து வைத்திருந்தாள்.

"கேஸு நிக்காதுன்னு எழுதியிருக்கீகளாம். மக வாசிச்சுக் காட்டுனா. எங்க வீட்டுக்காரரு ஷெட்டு வெடிச்சுப் போயிட்டாரு. குடுக்குறத வாங்கிட்டு இன்னைக்கே கையெழுத்துப் போடச் சொல்றாக. போட்டுறவா?"

"உங்க பேரு?"

"செல்லத்தாய்."

அந்தப் பெயர் போட்ட சமரசப் பத்திரத்தை கனகசபாபதிக்கு எழுதிக் கொடுத்ததே கற்பகவல்லிதான்.

"அன்னைக்கு அந்த ஷெட்டுக்குப் போகச் சொன்னதே கம்பெனி மேனேஜருதாம்மா. அவரு..."

"அதுக்கு மேல என்கிட்டச் சொல்லாதீக." கற்பகவல்லி எழுந்துவிட்டார். "நான் அந்தக் கம்பெனிக்கு வக்கீலு. உங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வேற வக்கீலப் பாருங்க. கோர்ட்டுக்குள்ளயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு."

செல்லத்தாய் அவரையே பார்த்தாள். "அப்ப பேப்பர்ல எழுதுனது யாருக்கும்மா?"

அவள் படியிறங்கியதும் கனகசபாபதியிடமிருந்து போன் வந்தது.

"அந்தப் பிள்ளையக் காணோமே. அங்கன வந்துச்சா?"

"வந்தாக. வேற வக்கீலப் பாக்கச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் பத்தியில திருத்தமும் போடணும்ணே. மாறான தீர்ப்பும் இருக்கு."

"இந்த வாரம் எழுதுனதே நல்லாத்தான இருந்துச்சு. திருத்தம் வந்தா எனக்கு நீங்க வேண்டாம்."

அன்று மாலையே கனகசபாபதியின் ஆவணக் கட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தார் கற்பகவல்லி. மேனேஜரைப் பற்றிச் செல்லத்தாய் சொன்னதை அவரிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. யார் பெயரையும் குறிப்பிடாமல் திருத்தம் எழுதினார். தான் கம்பெனிகள் தரப்பில் ஆஜராகிறவர், தொழிலாளிக்குச் சாதகமான தீர்ப்புகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டது தன் தவறு என்று அதில் சொன்னார். பத்திரிகை ஆசிரியர் ஜெயச்சந்திரன் கம்பெனிகள் தரும் தீபாவளி விளம்பரங்களை நினைத்துத் தயங்கினார். கடைசியில் போட்டார். அதோடு பத்தியையும் நிறுத்திவிட்டார். வேறு சில கம்பெனிகளும் வக்கீலை மாற்றிக்கொண்டன.

செல்லத்தாய் கையெழுத்துப் போடவில்லை. சட்ட உதவி மையம் அமர்த்திய வக்கீல் வழக்குப் போட்டிருக்கிறார். அது இன்னும் நடக்கிறது. வாய்தா நாளில் கோர்ட்டு வாசலில் அவளை எதிரே பார்த்தார் கற்பகவல்லி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். இவரும் கூப்பிடவில்லை.