பெரியப்பா காரில் நின்ற காற்று

பெரியப்பா செத்த பிறகும் அவர் காருக்குள்ளேயே இருக்கிறார் என்று எங்கள் ஊர் புந்தோங்கில் பேசிக்கொண்டதை நீங்களும் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு அடங்காமல் பார்த்துக்கொண்டது உங்கள் பெரியம்மாதான். இப்போது அவரும் போய்விட்டார். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பழைய ரப்பர்த் தோட்டத்து இறக்கத்தில் வரும்போது என் அண்ணனுக்கு, அதாவது உங்கள் பெரியப்பாவுக்கு, பிரேக் பிடிக்கவில்லை. கார் மரத்தில் மோதி நின்றது. காருக்கு லேசான நசுங்கல்தான். அண்ணனுக்கு நெஞ்சில் அடி, பிழைக்கவில்லை. முந்தின நாள்தான் வீட்டு வாசலில் முன்சக்கரம் இரண்டின் பிரேக்கையும் கழற்றி, ரப்பர் வளையம் மாற்றிப் பூட்டியிருந்தார்.

அண்ணி காரை விற்றுவிடச் சொன்னார். அதற்கு பிரேக் சரியாக வேண்டுமே. பிரேக் எண்ணெயில் காற்று சேர்ந்தால் மிதிகட்டை பஞ்சு போல அமுங்கும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். பட்டறை வைத்திருந்த என் கூட்டாளி பலதரம் காற்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"குமிழியே வரலை மச்சான். ஆனா மிதிச்சா கீழ போகுது. யாரோ அடியிலேருந்து இழுக்குற மாதிரி இருக்குலா. எனக்கு வேணாம், கொண்டு போ."

கை பிரேக்கை நம்பி மெதுவாக ஓட்டி வந்தேன். இருக்கையில் அண்ணனின் தலையெண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. கண்ணாடியில் பின்னால் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே செய்து பார்க்கலாம் என்று சக்கரத்தைக் கழற்றினேன். உங்கள் அம்மா அந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். அண்ணிதான் வந்து உட்கார்ந்தார்.

"மிதிங்க அண்ணி."

"மிதிச்சிருக்கேன்."

நிப்பிளைத் திறந்தேன். சுத்தமான எண்ணெய்தான் வந்தது. மூடிவிட்டு "விடுங்க" என்றேன். எழுந்து பார்த்தால், கால் இன்னும் மிதிகட்டையை அழுத்தியபடியே இருந்தது.

"மூடியாச்சு அண்ணி."

"நெசமா மூடிட்டீங்களா? நல்லாப் பாருங்க தம்பி." அழ ஆரம்பித்துவிட்டார். "அவரு பிரேக் மாட்டுன அன்னிக்கும் நான்தான் மிதிச்சேன். உள்ள பிள்ளை அழுதுச்சு. அவரு சொல்றதுக்கு முந்தியே காலை எடுத்துட்டேன் போல. கண்ணை மூடுனா 'பிடி, பிடி'ன்னு அடியிலேருந்து கத்துறாரு."

திரும்பப் போய்ச் சக்கரத்தடியில் படுத்தேன். பிரேக் மேல் கை வைத்தேன். காற்று மேலேதான் ஏறும். அதனால் நிப்பிள் உச்சியில் இருக்க வேண்டும். உச்சியில் விரலுக்கு வெறும் இரும்புதான் தட்டுப்பட்டது. நிப்பிள் அடியில் இருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே.

இடப்பக்கத்துப் பிரேக் வலத்திலும் வலப்பக்கத்துப் பிரேக் இடத்திலுமாக மாட்டியிருந்தது. எத்தனை தரம் திறந்தாலும் அடியிலிருந்து எண்ணெய்தான் வரும். காற்று மேலேயே நிற்கும். விடாமல் மிதித்தால் கொஞ்ச நேரம் கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். அண்ணன் அதைத்தான் நம்பியிருக்கிறார்.

இரண்டையும் மாற்றிப் பூட்டி, குழாயைப் போத்தலில் விட்டு, அண்ணியை மறுபடி மிதிக்கச் சொன்னேன். குமிழி குமிழியாக வந்தது. அண்ணனோடு அந்த இறக்கத்தில் இறங்கிய காற்று. வந்து முடிந்ததும் மிதிகட்டை கல் மாதிரி நின்றது.

"உங்க கால் இல்லை அண்ணி. பிரேக்கே இடம் மாறி மாட்டியிருந்துச்சு."

அண்ணி இறங்கி வந்து போத்தலையே பார்த்தார். "யாரு மாட்டுனா?" என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, "வெளிய சொல்லிராதீங்க தம்பி. கார் வேலைன்னா இங்க எல்லாரும் அவரைத்தான் தேடி வருவாங்க. அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும்" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன, சரியாயிருச்சா?"

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கக்கா சரியாகுது. இன்னும் உள்ளதான் இருக்காரு."

அதற்குப் பிறகு அந்தக் காரை விலைக்குக் கேட்டு யாரும் வரவில்லை. அண்ணியும் விற்றுத் தரும்படி யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.