பின்னாலிருந்து திரும்பிய ரோபோ

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது நான் படிப்பிக்கிற பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். குருநகரிலிருந்து எங்கள் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, ரோபோப் போட்டிக்காக நல்லூரில் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தபோதே அது வந்துவிட்டது. பெரிய பாடசாலைகளின் மேசைகளில், லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் அனுப்பிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. திறந்தால் புது மோட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் மாற்று. எங்கள் பழைய மாணவர்களில் பாதிப்பேர் அந்த நேரம் மீன்பிடிக்கக் கடலில் நின்றிருப்பார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் பழுதான பிரிண்டர்களில் கழற்றியது. மாற்று என்று ஒரு திருகாணிகூடக் கிடையாது.

ரோபோ வளைந்த பாதையில் ஓடிப்போய், ஒரு சின்னப் பெட்டியைக் கையால் தூக்கித் தட்டில் வைக்க வேண்டும். இரண்டு முறை ஓடலாம், இரண்டில் நல்ல ஓட்டத்தின் புள்ளியைக் கணக்கெடுப்பார்கள். முதல் இரண்டு அணிகள் இறுதிப் போட்டிக்குக் கொழும்புக்குப் போகலாம். எங்கள் பிள்ளைகள் மாதக்கணக்காக அந்தக் கொழும்பைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

முதல் ஓட்டத்தில், முதல் வளைவிலேயே, ரோபோவை உருட்டுகிற இரண்டு சில்லுகளில் ஒன்றின் மோட்டர் புகைந்து செத்தது. எங்களுக்கு முன் ஓடிய அணிக்கும் இதேதான் நடந்தது. அவர்கள் வேறொன்றைப் பூட்டிவிட்டுப் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். காசிருந்தால் பிழை விடலாம், எங்களுக்கு ஒரு பிழைக்குக்கூட வசதியில்லை. மற்ற அணியிடம் ஒரு மோட்டர் இரவல் வாங்கலாமா என்று நடுவர்களிடம் கேட்டேன். விதியில் இடமில்லையாம். எல்லோருக்கும் ஒரே விதிதானாம். சண்டை பிடித்தும் பார்த்தேன், பலனில்லை.

திரும்பி வந்தால், அணித்தலைவி ரோபோவை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டிருந்தாள். பதினாலு வயது, மீன்பிடிப் படகுக்காரரின் மகள். மிச்சமிருந்த ஒரு மோட்டரை இரண்டு சில்லுக்கும் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் நேரே மட்டும்தானே போகும், எப்படித் திரும்பும் என்று கேட்டேன்.

"போட் எப்பிடித் திரும்புது ரீச்சர்? பின்னுக்கிருந்துதானே," என்றாள், தலை நிமிராமல்.

ரோபோவின் கையை மடக்குகிற குட்டி மோட்டரைக் கழற்றிப் பின்பக்கத்துச் சின்னச் சில்லில் பூட்டினாள். மற்ற இருவரும் கணினியில் கட்டளைகளை மாற்றி எழுதினார்கள். இனி அந்தக் கை மடங்காது, பெட்டியைத் தூக்காது. தெரிந்துதான் செய்தாள்.

இரண்டாவது ஓட்டம். ரோபோ மெதுவாக வளைவுக்கு வந்தது. வந்து, பின்பக்கத்தை வீசித் திரும்பியது, இறங்குதுறைக்கு வருகிற படகு மாதிரியே. ஒவ்வொரு வளைவிலும் அப்படியே திரும்பிக் கடைசிவரை போய், தூக்க முடியாத பெட்டியை முட்டிக்கொண்டு நின்றது. பெரிய பாடசாலைப் பிள்ளைகள்தான் முதலில் கைதட்டினார்கள். இப்படியொன்றை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

பெட்டிக்கான புள்ளி இல்லாததால் மூன்றாம் இடம்.

பரிசளிப்பில் பிரதம விருந்தினர் அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். மூளை இருந்தால் போதும், காசு தேவையில்லை என்பதற்கு இந்தப் பிள்ளையே சாட்சி என்று வெகுநேரம் பேசினார். எல்லோரும் தட்டினார்கள். பிறகு ஒலிவாங்கியை அவளிடம் நீட்டி, சரிதானே பிள்ளை என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு இறங்கி வா என்று கீழேயிருந்து மனதுக்குள் சொன்னேன். சண்டைக்காரி நானே அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"இல்லை சேர்," என்றாள், மரியாதையாகவே. "இன்னொரு மோட்டர் இருந்திருந்தா கையும் வேலை செய்திருக்கும். நாங்கள் கொழும்புக்குப் போயிருப்பம்."

ஒருவரும் கைதட்டவில்லை. நான் அவளை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன்.