கோல் அடிக்க வந்தவரின் முழங்கால்

அவரிடம் நான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, வலது முழங்காலை. துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் அந்த வீட்டுக்குச் சமையலுக்குப் போன முதல் நாள், சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டியில் பூரான் மாதிரி இரண்டு தையல் தழும்பு. நான் பார்த்தது தெரிந்ததும் துண்டை இழுத்து மூடிக்கொண்டார். கூச்சப்படுகிற ஆம்பிளை என்று நினைத்தேன். நானும் கூச்சக்காரிதான், அதனால் பிடித்துப்போனது.

தென் அமெரிக்காக்காரர். கோல் அடிப்பதற்கென்றே அவரைக் கால்பந்து கிளப் கூட்டி வந்திருந்தது. அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் முன்பே சவுதியிலும் கத்தாரிலும் ஆடியவர். நான் குவைத்தில் மங்காஃபிலும் பிறகு ஜித்தாவிலும் வீட்டு வேலை பார்த்தவள். இருவரிடமும் முப்பது நாற்பது அரபி வார்த்தை இருந்தது, அதை வைத்துத்தான் பேச்சு. ஒருநாள் தான் ஆடிய ஊர்களை எண்ணிக் காட்டினார். மெக்சிகோ, போர்ச்சுகல், துருக்கி, சீனா என்று கைவிரல் முடிந்து கால்விரலுக்குப் போய்விட்டார். எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டவில்லையாம். "நீ?" என்றார். நான் வேலை பார்த்த வீடுகளை எண்ணினேன். எனக்கும் ஒரு கை போதவில்லை. சிரித்தார்.

கிளப் டிரைவர் ராமநாதபுரத்துத் தம்பி. காய்கறியோடு ஆட்டச் சேதியும் கொண்டுவருவான்.

"அக்கா, உங்க ஆளு நேத்து கோலை விட்டுட்டு வானத்துக்கு அடிச்சாரு. இன்னிக்கு அவருக்குக் கோழி கிடையாது, வெறும் பயறுதான்!"

"போடா, நீ ஓடிப் பார்த்தாத் தெரியும்."

"அட, எங்க அக்காவுக்குக் கோபம்கூட வருது!"

ஆட்டக்காரர் வெளியே நேராக நடப்பார். வீட்டுக்குள் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கதவைச் சாத்திக்கொண்டு முட்டிக்கு ஐஸ் வைப்பார். நான் ஐஸ் கொண்டுபோனால் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார். பிரிட்ஜ் கதவில் அவர் மகளின் போட்டோ, பத்து வயது இருக்கும். அப்பா ஆடுவதை மைதானத்தில் உட்கார்ந்து ஒரு தடவைகூடப் பார்க்காத பிள்ளை. ஜனவரியில் பள்ளி லீவு, வருகிறாள், டிக்கெட் எடுத்தாயிற்று என்று போட்டோவைத் தட்டித் தட்டிச் சொல்வார்.

டிசம்பரில் முதீர் வந்தார். கிளப் மேனேஜரை அப்படித்தான் சொல்வோம். என் விசாவும் அவர் கையில்தான். ஆட்டக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். முதீர் சமையலறை வாசலில் நின்று, அவர் கால் நன்றாக இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். மங்காஃபில் ஒருமுறை நான் காய்ச்சலை மறைத்து வேலை பார்த்தபோது, வீட்டம்மா கண்டுபிடித்துத் திட்டி டாக்டரிடம் கூட்டிப்போனார். அதனால் வேலை கொடுத்தவரிடம் சொன்னால் வைத்தியம் நடக்கும் என்று நம்பியிருந்தேன். "ஜைன் இல்லை. தினமும் ஐஸ்" என்றேன், நன்றாக இல்லை என்று. முட்டி எவ்வளவு வீங்குகிறது என்று கையால் அளவும் காட்டினேன். எனக்கு வாய் திறப்பதே அபூர்வம், அன்றைக்கு அவ்வளவு பேசினேன்.

மறுநாளே அவரை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார்கள். எனக்குச் சந்தோஷம். பயறை நன்றாகக் குழைய வேகவைத்து வைத்திருந்தேன்.

வெளிநாட்டு ஆட்டக்காரர் இத்தனை பேர்தான் இருக்கலாம், ஜனவரியில் ஒருவரை அனுப்பிவிட்டு வேறொருவரை எடுக்கலாம் என்பதெல்லாம் டிரைவர் சொல்லித்தான் தெரியும். அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. இவர் இடத்துக்கு வந்த புதுப் பையன் ஒருவனை விமான நிலையத்திலிருந்து அவன்தான் கூட்டி வந்திருந்தான்.

அன்று சாயங்காலம் ஆட்டக்காரர் மகளுக்குப் போன் பண்ணினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பக்கம் "பப்பா, பப்பா" என்ற சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு என்னிடம் "ஹலாஸ்" என்றார், முடிந்தது என்று. அதற்குப் பிறகு எந்தக் கிளப்பிலும் அவர் ஆடவில்லை என்று டிரைவர் பின்னால் சொன்னான்.

இந்த வயசில் தோன்றுகிறது, முதீரிடம் சொல்லும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று அது தோன்றவில்லை. மறைக்கவும் முடியவில்லை. தட்டில் சோறு வைத்துவிட்டு, "அனா கலாம் முதீர்" என்றேன். முதீரிடம் சொன்னது நான்தான் என்று. வேறெப்படிச் சொல்ல, அவ்வளவு அரபிதான் இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். தட்டை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.