மண்டபத்தில் மாவு காயவைத்தவர்

பாங் வீராசாமி போய்விட்டார் என்று புக்கிட் பாருவிலிருந்து அவர் மகள் போனில் சொன்னபோது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டேன். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். காஜா பெராங்கில் அவரோடு பழகியவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மலாக்கா செட்டி வீட்டுப் பிள்ளை, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்த தமிழர் வழி. வீட்டில் மலாய்தான், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். அண்ணன் என்று கூப்பிட்டால் சிரிப்பார். அதனால் எனக்கு எப்போதும், மலாயில் அண்ணனைச் சொல்கிற ‘பாங்’தான்.

ஜப்பான்காரன் காலத்தில் இருவரும் எங்கள் அம்மன் கோயிலில் இருந்தோம். கோயிலைப் பார்த்துக்கொள்வது அவர். சுண்ணாம்பு பூசுவது நான். ஆளில்லாத கட்டடங்களையெல்லாம் படைக்காரர்கள் கிட்டங்கியாக எடுத்துக்கொண்டிருந்த நேரம். கோயிலைப் பூட்டிவிடலாம் என்றார் தலைவர் காளிமுத்து. மண்டபத்தில் ஒரு கீறல் விழக்கூடாது என்பது அவர் கவலை. நல்ல மனிதர்தான்.

பாங் செமாபோக் பக்கம் போய்வந்திருந்தார். அங்கே பூட்டிவைத்த கோயில் ஒன்றில் பூட்டை உடைத்து எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கியிருந்தார்கள். பூட்டை அவர் ‘குன்சி’ என்பார்.

“குன்சி போட்டா ஒடைப்பான் லா, தலைவர். ஆள் இருக்கணும். பொம்பளைங்க மரவள்ளி மாவு செய்யட்டும், மண்டபத்துல.”

“அம்மன் முன்னால மாவு மில்லா வைக்கச் சொல்ற?”

“திருப்பணிக்கு அம்மனைக் கலசத்துல எறக்கி, சின்ன ரூம்புல வைக்கிறீங்க இல்ல? அப்படி வைங்க.”

“அது கட்டடத்தைச் சரிபண்றப்போ செய்யுறதுடா.”

“இது கட்டடம் போகாம இருக்க. அதும் திருப்பணிதானே?”

மூன்றாம் நாள் தலைவரே குருக்களைக் கூட்டிவந்தார். அம்மன் கலசத்தில் இறங்கி முன்னாலிருந்த சின்ன அறைக்குப் போனாள். மண்டபத்துக்குள் பெண்கள் கிழங்கோடு வந்தார்கள்.

ஒருநாள் காலை அதிகாரி ஒருவன், மொழி சொல்ல ஒரு ஆளோடு, கட்டடம் பார்க்க வந்தான். பாங் வாசலில் நின்று அவன் பூட்ஸைக் காட்டினார். என்ன நினைத்தானோ, குனிந்து கழற்றினான். உள்ளே சுவருக்குச் சுவர் பாயில் ஈரமாவு. கால் வைக்க இடமில்லை. மாவு துழாவிக்கொண்டிருந்த பட்டம்மா தலை நிமிராமல், “உள்ள வரச் சொல்லுங்க, காலுக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கும்” என்றாள். மொழி சொல்ல வந்தவன் அதைச் சொல்லவில்லை, நல்லவேளை. அதிகாரி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மறுபடி பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனான். பிறகு யாரும் வரவில்லை.

ஆனால் ஒன்றும் கெடவில்லை என்று சொன்னால் அது பொய். கிழங்கு கழுவிய புளித்த தண்ணீர் தூணடியில் தேங்கிச் சுண்ணாம்பைத் தின்றது. தூணடியில் இருந்த சுதைக் கிளிகள் நான்கும் உதிர்ந்தன. சண்டை முடிந்து அம்மன் கருவறைக்குத் திரும்பிய அன்று தலைவர் அந்தத் தூணைத் தடவிக்கொண்டே நின்றார். “உன் மாவு என் கிளியைத் தின்னுடுச்சு வீராசாமி.”

“ஆமா தலைவர். தண்ணிக்கு வழி வெட்டியிருக்கணும். என் தப்பு.”

புதுக் கிளி செய்துவிடுகிறேன் என்றேன் நான். தலைவருக்கும் ஆசைதான். பாங் மட்டும் தலையாட்டவில்லை. “புதுசு வச்சா, ஒண்ணும் நடக்கலன்னு பொய் சொல்லும். சும்மா சுண்ணாம்பு பூசு.” தலைவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னோடு சுண்ணாம்பு குழைக்க உட்கார்ந்தார். அந்தத் தூணடி இன்றும் மொட்டையாகத்தான் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

செமாபோக் கோயிலில் எண்ணெய் ஊறிய தரையைப் பெயர்த்தெடுத்தும் வாடை போகவில்லை. சனங்களும் மெல்ல வேறு கோயிலுக்குப் போகப் பழகிவிட்டார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். பழைய கோயிலைச் சரிபண்ண யார் கூப்பிட்டாலும், சுவரைத் தட்டிப் பார்க்கும் முன்னால், “இங்கே தினமும் வருவது யார்?” என்று கேட்பேன். குருபோங்கில் ஒருமுறை கேட்டபோது கமிட்டிக்காரர்கள் திருவிழாவுக்கு வருகிறவர்களைத்தான் சொன்னார்கள். முதலில் தினமும் வர ஓர் ஆளைப் பிடியுங்கள், அப்புறம் சுண்ணாம்பு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.