குமிழி என்று அடித்த கோடு

எனக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் வரும். அன்று திங்கட்கிழமை காலை, ஆய்வகத்தில் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு சின்னத் தனியார் ஆய்வகத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை எனக்கு. கப்பில் ஊற்றிவைத்த தண்ணீரை எங்கள் இயந்திரம் தானே ஒரு வாய் உறிஞ்சி, நூல் போன்ற குழாய்க்குள் ஓடவிட்டு, ஓட்டத்திலேயே மருந்தைக் கலக்கும். தண்ணீரில் நைட்ரேட் என்ற உப்பு இருந்தால் ரோஸ் நிறம் வரும். நிறம் கூடக் கூடத் திரையில் கோடு உயரும். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்தாலும் கோடு திடீரென்று எகிறும். ஆகவே எகிறுகிற கோட்டையெல்லாம் குமிழியின் தலையில் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். வாயில்லாத ஜீவன், எல்லாப் பழியையும் சுமக்கும்.

சனிக்கிழமை மேலப்பாளையத்திலிருந்து ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வந்திருந்தது. இருமல் மருந்து பாட்டிலில் பிடித்து ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இயந்திரம் ஒவ்வொரு கப்பையும் இரண்டு முறை பார்க்கும். அந்தக் கிணற்றுக்கு முதல் கோடு திரையின் உச்சியைத் தொட்டது. இரண்டாவது குட்டையாக வந்தது. முதலாவது குமிழி என்று நானே முடிவுகட்டி அதை அடித்துவிட்டேன். குட்டையானதை எழுதினேன். குடிக்க உகந்தது என்று ரிப்போர்ட் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் போயிற்று. வீட்டுக்குப் போகும் அவசரம் எனக்கு, வேறொன்றுமில்லை.

திங்கட்கிழமை பார்த்தால் எல்லாக் கப்பிலும் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. அந்த ஒரு கப் மட்டும் அடி காய்ந்து கிடந்தது. அந்தக் குட்டி பாட்டிலில் இருந்ததே அவ்வளவுதான். இரண்டாம் முறை இயந்திரம் உறிஞ்சியது பாதித் தண்ணீர், பாதிக் காற்று. ஓட்டத்தின் நடுவே புகும் குமிழிதான் கோட்டை எகிறவைக்கும்; உறிஞ்சும் தண்ணீரே குறைந்தால் நிறமும் குறையும், கோடும் குட்டையாகும். நான் அடித்துவிட்டதுதான் நிஜமான கோடு.

படிவத்தைத் தேடி எடுத்தேன். எதற்காகப் பரிசோதனை என்ற இடத்தில், கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க என்று எழுதியிருந்தது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். பச்சைக் குழந்தையின் ரத்தத்துக்கு அந்த நைட்ரேட் ஆகாது. உதடு நீலம் பூக்கும், உயிரே போகலாம்.

படிவத்தில் இருந்த எண் சவுதியில் இருக்கும் தகப்பனுடையது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எங்கள் ஆய்வக முதலாளியிடம் சொன்னேன். "குமிழியாத்தான் இருக்கும்மா. வேற தண்ணி வாங்கி நாளைக்கு ஓட்டிப் பாத்துக்கிடலாம். சும்மா பயந்து சாவாத," என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மேலப்பாளையத்தில் படிவத்து முகவரியைச் சொல்லிக் கேட்டதும், ஒரு வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தது குழந்தையின் தாய். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. நான் ஆய்வகத்திலிருந்து வருவதாகச் சொன்னேன்.

"வாங்கக்கா. ஏன் இப்படி மூச்சு வாங்குதிய? தண்ணி தரட்டா?"

தண்ணி என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கிணத்துத் தண்ணிய பிள்ளைக்குக் குடுக்காதிய. ரிப்போர்ட் தப்பு," என்றேன். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை.

"உங்க ரிப்போர்ட் வந்த அன்னைக்கே கேன் தண்ணிய நிப்பாட்டிட்டேனேக்கா! ஆனா சும்மா குடுக்கல, ரெண்டு தடவ நல்லா கொதிக்க வச்சுல்லா குடுக்கேன்."

கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழந்தையைக் கேட்டு வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அழாமல் துவண்டு கிடந்தது. நாவல்பழம் தின்ற வாய் போல உதடு கறுத்திருந்தது.

"நேத்துலருந்து இப்படித்தான் இருக்கு. சளி புடிச்சிருக்குன்னு நெனச்சேன்," என்றாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அவள் துஆ ஓதிக்கொண்டே வந்தாள். நான் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே ஆக்சிஜன் வைத்து, ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் உதடு சிவந்து, பிள்ளை வீறிட்டு அழுதது. அவ்வளவு சந்தோஷமாக எந்த அழுகையையும் நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அவள் டாக்டரிடம், "இந்த அக்கா மட்டும் ஓடி வரலன்னா என் பிள்ள இல்ல சார். அல்லா இவங்களுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கணும்," என்றாள். டாக்டரும் என்னைப் பார்த்து மெச்சித் தலையசைத்தார். இப்படியே கிளம்பிப் போயிருக்கலாம். முடியவில்லை. அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"தப்பாப் பாத்தது நான்தான்மா."

அவள் குனிந்து குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா, எதனாலன்னே தெரியாம பிள்ளையப் பறிகுடுத்திருப்பேன்," என்றாள் கடைசியில். "தப்புன்னு தெரிஞ்ச ஒடனே ஓடி வந்துட்டியள்லா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் நான் உடனே வரவில்லை. ஆய்வகத்தை விட்டு இறங்கியவள், வேலை போய்விடுமே என்றும், குமிழியாகவே இருக்கக்கூடாதா என்றும் நினைத்து, ஆட்டோ ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்றேன். வரட்டுமா என்று கேட்ட இரண்டு ஆட்டோக்காரர்களை வேண்டாம் என்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில், அப்போதுதான் குடித்து முடித்த பால் பாட்டில் ஈரத்தோடு கிடந்தது. அந்த அரைமணி நேரத்தைப் பற்றி அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.