லாலாகுடாவில் நான் சொன்ன பதில்

நேற்றிரவு காஜிபேட்டையிலிருந்து வரும் கடைசி வண்டியில், பெண்கள் பெட்டியில் நானும் ஓர் இளம்பெண்ணும் மட்டும்.

"ரெண்டு நாளா தூங்கலைம்மா. லாலாகுடா வந்தா எழுப்புறீங்களா? வீட்டுக்காரருக்குப் பட்டறையில அடிபட்டு, ரயில்வே ஆஸ்பத்திரியில கிடக்கார்."

"நான் ரயில்ல தூங்கறவ இல்லை. நிம்மதியாப் படு" என்றேன். கான்வென்டில் நிமிர்ந்தே உட்காரப் பழகிய முதுகு, எங்கும் சாயாது.

பர்தாப் பெண்களும் ஏறும் பெட்டி என்பதால் ரயில் கார்டு உள்ளே வருவதில்லை. இறங்க ஆள் உண்டா என்று ஜன்னலைத் தட்டிக் கேட்பதோடு சரி.

லாலாகுடாவைத் தாண்டி, செகந்திராபாத்தில்தான் கண் விழித்தேன்.

"லாலாகுடாவுக்கு ஆள் இருக்கான்னு தட்டிக் கேட்டேனே! 'யாரும் இல்லை, போங்க'ன்னு நீங்கதானே அதட்டினீங்க?" என்றார் கார்டு.

தூக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

அவள் கோபிக்கவில்லை. "பரவாயில்லைம்மா, நீங்களும் அசந்துட்டீங்க" என்றவள், தண்டவாளத்தின் ஓரமாகவே லாலாகுடாவுக்குத் திரும்பி ஓடினாள்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். அவள் வந்து சேரக் கால்மணி நேரம் முன்புதான் அவர் போனாராம். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

தோழியரே, இனி என்னோடு ரயிலேறினால் நீங்கள் இறங்கும் இடத்தை என்னிடம் சொல்லாதீர்கள். கார்டிடமே சொல்லிவிடுங்கள்.