சித்தி சொன்ன காரணம்

சித்தி வேலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி நிறைந்தே திரும்பிவரும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வேலை. வேனிலிருந்து இறங்கியதும் அலுமினியப் பொடி மினுங்கும் கையைக் கழுவிவிட்டு, வாசலில் நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அம்மாவிடம் அவர் முணுமுணுத்ததைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

விருதுநகரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோதுதான் கேட்டேன், அதுவும் பாடத்துக்காக. வாழ்கிற நிலைமைகள் மனிதரின் உடல்நலத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பது பாடம். தொழிலாளி ஒருவரிடம் பேசி, அவருடைய உடல் தொல்லைக்கான காரணத்தை எழுதிவரச் சொல்லியிருந்தார் பேராசிரியை.

சித்தி ஒளிக்காமல் சொன்னார். கம்பெனிக் கக்கூசுக்குக் கதவு கிடையாது. அதற்கு எதிரில்தான் ஆண்கள் லாரியில் லோடு ஏற்றுவார்கள். "தண்ணி குடிச்சாத்தான தாயி போகணும். குடிக்காம இருந்துட்டா ஒரு வம்பும் இல்ல." பிறகு, "இத எழுதுனா உங்க மேடம் கம்பெனில வந்து சொல்லுவாகளா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டார் பட்டாசு வேலைக்குப் போவது வகுப்பில் யாருக்கும் தெரியாது. கடை வைத்திருப்பதாகச் சொல்லிவைத்திருந்தேன். கதவில்லாத கக்கூசைப் பற்றிக் கூடப் படிக்கும் பெண்கள் முன்னால் வாசிக்க வாய் கூசியது. அறியாமையால் போதிய தண்ணீர் குடிப்பதில்லை என்று எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன். பேராசிரியைக்கு அது திருப்தியாக இல்லை. "அந்தம்மா வேற எதுவும் சொல்லலையா?" என்று கேட்டார். யோசிப்பதுபோல் சற்று நின்றுவிட்டு, இல்லை என்றேன்.

அன்று வீட்டுக்குள் நுழைவதற்குள் சித்தி விசாரித்தார். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். அதை அவர் வேனில் வரும் பெண்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். ஒருநாள் கம்பெனி வாசலில் கார் ஒன்று வந்து நிற்க, காலேஜிலிருந்துதான் என்று எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். வந்தவர் ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரி.

தீபாவளி சீசன் முடிந்ததும் சித்தி படுத்துவிட்டார். சிறுநீரகத்தில் கல் என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலேஜில் எழுதியதைப் பற்றிப் பேச்செடுத்ததுமே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எதுக்குத் தாயி வருத்தப்படுற? எழுதிக் குடுத்துட்ட. அம்புட்டுத்தான ஒன்னால முடியும். கேக்காதது அவுக தப்பு."

இன்று நான் அதே பாடத்தை வேறொரு கல்லூரியில் நடத்துகிறேன். ஊருக்குப் போனால், எங்களுக்காக எழுதிக் குடுத்த பிள்ளை என்றுதான் சித்தி என்னைப் புதியவர்களுக்குக் காட்டுவார். அவர்கள் கும்பிடுவார்கள். நானும் கும்பிடுவேன்.